எட்டும் ஒரே படத்தில்

பதுளைக் கடைத்தெருவில் சலீமின் ஸ்டூடியோ இருட்டறைக்குள் நிற்கிறேன். மருந்து நெடி என் நெஞ்சுக்கு ஆகாது. இருந்தும் வெளியே போக மனமில்லை. ஓய்வு பெற்றபின் வாங்கிய கமெராவின் முதல் சுருள் இது. அப்புத்தளைப் பனிமூட்டத்தில் ரயில், தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் தலைப்பாகை, மேயும் மாடு என்று எட்டுப் படம் எடுத்திருக்கிறேன். "காசைக் கரியாக்கிறியள்" என்ற மனைவிக்கு எட்டையும் காட்டியாக வேண்டும்.

சிவப்பு விளக்கின் கீழ் சலீம் சுருளை மருந்தில் தோய்த்து இழுக்கிறார். ஒரே ஓர் இடம்தான் கறுக்கிறது.

"ஒவ்வொரு படத்துக்கும் பிறகு சுருளைச் சுத்தினீங்களா ஐயா?"

"சுத்தவேணுமோ? நான் எண்ணி எண்ணியெல்லோ பொத்தானை அமத்தினனான்!"

"நல்லா எண்ணியிருக்கீங்க. எட்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கிடக்கு. எறிஞ்சிரவா?"

"பொறும் தம்பி, அச்சடிச்சுப் பாப்பம்."

சுருள் காய்ந்ததும் அச்சுத் தாளை மருந்தில் அமிழ்த்துகிறார். வெறும் வெள்ளையில் முதலில் புகை தெரிகிறது. பிறகு கங்காணியின் தலைப்பாகைக்குள்ளிருந்து ரயில் புறப்பட்டு வருகிறது. அதன் கூரையில் மாடு நின்று மேய்கிறது. குனிந்த என் மூக்கு நுனி மருந்தில் நனைகிறது.

"வீட்டுக்காரம்மாட்ட என்ன சொல்லுவீங்க?"

"இன்னொரு சுருள் தாரும். அடுத்தமுறை அவவையும் ரயிலுக்கு மேல ஏத்துவம்."