படிக்காத நாவலுக்கு நான் போட்ட பூஜ்யம்

பதினோரு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவரும் அந்த அமெரிக்க நாவலை நான் படித்ததே இல்லை. கைடை மட்டுமே படித்தேன்!

நம்ப முடியவில்லையா உங்களுக்கு? இராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில ஆசிரியன் நான். எனக்குப் பாடம் எடுத்தவரும் கைடைத்தான் வாசித்தார். தேர்விலும் அதிலிருந்தே கேள்வி வந்தது. பிறகு எதற்கு நானூறு பக்கம்?

தங்கச்சிமடத்திலிருந்து வந்த மாணவி சகாயராணி அந்த நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நொடித்துப்போன ஆலை முதலாளி, தான் வேலையைவிட்டுத் துரத்திய தொழிலாளியின் வீடுவரை போய், கதவைத் தட்டாமலே திரும்புகிறான் என்று முடித்திருந்தாள். கைடிலோ அவன் மன்னிப்புக் கேட்கிறான்!

எனக்குச் சந்தேகம் முளைத்தது. மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஆங்கிலம் ஏது? செல்போன் எழுதிக் கொடுத்ததா? தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள். நான் அப்படியே நினைத்தேன்… அவளும் திருடுகிறாள் என்று!

தேர்ச்சியே போய்விடும் என்று தெரிந்தும் பூஜ்யம் போட்டேன்.

அவளுடைய அப்பா வந்தார். கைகட்டி நின்றார்.

"எம்மக களவெடுக்க மாட்டா சார். தடைக்காலத்துல கடலுக்குப் போகாமக் கெடந்தப்ப, அந்தப் புஸ்தகத்தப் படிச்சுப் படிச்சு எனக்குத் தமிழ்ல கதை சொன்னா. அந்த மொதலாளி கடைசியில கதவத் தட்டாமத்தான சார் போவான்?"

"அப்பாவும் மகளும் பேசிவச்சுக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். கேட்டேனே!

அவர் திரும்பிப் போய்விட்டார். சகாயராணி அதன்பிறகு கல்லூரிக்கு வரவில்லை.

அவர் கேட்டது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து, நூலகத்தில் நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். முதலாளி தட்டவில்லை… எழுத்தறியாத அந்த மனிதருக்குத் தெரிந்த கதை எனக்குத் தெரியவில்லை!

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சிமடத்தில் சகாயராணி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கருவாடு காய்ந்தது. உள்ளே அவள் குரல் கேட்டது. அப்போதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மன்னிப்புக் கேட்டால் அதையே சாட்சியாக்கி என்மேல் புகார் கொடுப்பாளோ என்று! என்ன மனம் இது?

கையைத் தூக்கினேன். தட்டாமலே பஸ் ஏறிவிட்டேன்.

நாளை வகுப்பில் கடைசி அத்தியாயம். பிள்ளைகள் எல்லார் கையிலும் கைடு இருக்கிறது…