பத்து அசைவுகள்

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அம்மாவின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, குழந்தை அசையும்போதெல்லாம் பழைய நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். சாப்பிட்டபின் இடப்பக்கமாகப் படுத்து எண்ண வேண்டும், பத்துக்குக் குறைந்தால் உடனே கிளம்பி வர வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் அத்தை வீட்டில் இருந்தோம். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீடு இருந்த சடையங்குப்பத்துக்குள் ஆட்டோ வராது. அதனால் ஒன்பதாம் மாதம் பிறந்ததுமே அப்பா எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மணலியில் டேங்கர் லாரி ஓட்டப் போய்விட்டார். அம்மா பழைய நூல் புடவைகளைக் கிழித்துத் துவைத்துக் கட்டைப்பையில் அடுக்கினாள். குழந்தையே என் பொறுப்பில்தான் வரப்போகிறது என்று நான் அலட்டிக்கொண்டு திரிந்தேன்.

நாலே நாளில் உத்தியோகம் சலித்துவிட்டது. தெருவில் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். ஆறு கோடு வந்ததும் பத்தாக்கிவிட்டு ஓடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வெகுநேரம் கை வைத்திருந்தேன். ஒன்றுமே இல்லை.

"இன்னாடி, ஒதைக்குதா?" என்றாள் அம்மா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"ஒதைக்குதும்மா."

"எனுக்குதான் தெரியல போல" என்று சொல்லி எழுந்து துணி மடிக்க உட்கார்ந்தாள். மறுநாளும் கேட்டாள். நானும் அதையே சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தைதான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தாள். மூன்றாம் நாள் அம்மா திரும்பியபோது கட்டைப்பை பிரிக்காமலே இருந்தது. தம்பியை அப்பா ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்.

"ரெண்டு நாள் முன்னாடியே வந்துருக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. உனுக்கு ஒண்ணுமே தெரியலியா?" என்று கேட்டார்.

"தெரியல" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

வயிறு அவளுடையது. அசைவு நின்றது என் கைக்குத் தெரியுமுன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவள் என்னிடம் ஏன் கேட்டாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த அறையில் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.