அக்காவின் ஈப்போ விளக்கு: ஒரு பிழைதிருத்தம்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் இறுதிச் சடங்கன்று எங்கள் பெரியண்ணன் பேசியபோது, ஈப்போ புத்தர் கோயிலுக்குப் போகும் ஆசை நிறைவேறாமலே தங்கை கண்ணை மூடிவிட்டார் என்று கூறினார். பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கண்ணீர் தவறான தகவலின் பேரில் சிந்தப்பட்டது. பள்ளி நாள்களிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருபவன் என்ற முறையில் அதைத் திருத்துவது என் கடமை.

அக்கா ஜாசினுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் இருப்பது, அப்பாவுக்கு விடுப்புக் கிடைத்துப் பதியச் சென்ற நாள். பதின்மூன்று வயதில் அம்மாவுடன் பால்மரம் வெட்டப் போனார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் பாயா ரும்புட்டுக்கு வந்தது. அக்கா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். கணவரை இளமையிலேயே இழந்து, ஒரே மகளை இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு இடையில் வளர்த்தார். யாரிடமும் எதற்கும் போய் நின்றதில்லை. இதை அழுத்தமாகவே எழுதுகிறேன். போய் நின்ற ஒரே ஒரு முறை என்ன ஆயிற்று என்பதுதான் இனி வருவது.

மகளுக்கு ஏழு வயதில் டெங்கி கண்டு மோசமான நிலையில் இருந்தபோது, தொழிற்சாலையில் அக்காவின் பக்கத்து இருக்கைக்காரரான சீனத் தோழி சியூ லான் தம் விடுமுறை நாளில் ஈப்போவுக்குப் போய், அங்குள்ள குகைக் கோயிலில் புத்தர் முன் விளக்கேற்றினார். பிள்ளை பிழைத்தால் தாயே வந்து ஏற்றுவாள் என்று அக்கா பெயரில் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தாள். வேண்டுதல் மட்டும் செலுத்தப்படாமல் நின்றுபோனது. முதலில் வேலை, பிறகு பேத்திகள், பிறகு சிறுநீரகம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் தொடங்கியபின், நேர்த்திக்கடனோடு சாகக் கூடாது என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் குடும்பத்தில் வேண்டுதலைத் தனியாகச் செலுத்துவதில்லை. மூத்தவர் முன்னே நிற்க, மற்றவர்கள் பின்னே போக வேண்டும். அந்த வழக்கத்தை மதித்து அக்கா பெரியண்ணனிடம் போனார். அது சீனர்கள் கோயில், நம் வேண்டுதல் அங்கே எடுபடாது, அது கணக்கில் வராது என்று அண்ணன் தீர்ப்பளித்தார். ஆனாலும் ஒரு நாள் சுற்றுலாவாகப் போய் வரலாம், ஈப்போவில் சாப்பாடு நன்றாயிருக்கும் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அண்ணன் வீட்டில் முதல் கூட்டம் நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வேனா பேருந்தா என்பதற்கு ஒரு மணி நேரம்; எல்லோருக்கும் ஒரே நிற டி-சட்டை வேண்டுமா என்பதற்கு அதைவிடக் கூடுதலாக. விளக்கு என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. அண்ணன் மகன் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி வாக்கெடுப்புகளை நடத்தினான். நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்களிக்கச் சோம்பல்படுபவர்கள் அதில் ஓடோடி வந்து வாக்களித்தார்கள். முன்மொழியப்பட்ட எல்லா நாளும் சனிக்கிழமை. சனிக்கிழமை அக்காவுக்கு டயாலிசிஸ் என்று நான் நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் அவன், "ஆமாலா மாமா, மறந்துட்டேன்" என்றே பதில் போட்டான். சித்தப்பாவான என்னை மாமா என்று அழைப்பவனிடம் கிழமையை எதிர்பார்த்தது என் தவறு.

ஜூனில் ஒருவழியாக ஒரு ஞாயிறு முடிவாயிற்று. அந்த வாரமே எங்கள் பங்காளி ஒருவர் ஜாசினில் இறந்துபோனார். தீட்டு, ஓராண்டுக்குக் கோயில் படி மிதிக்கக் கூடாது என்று அண்ணன் அறிவித்தார். அக்கா அன்று அவர் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"வேண்டுதல்னு வந்தப்ப அது கோயில் இல்லேன்னீங்க. தீட்டுன்னு வந்தப்ப கோயில்ங்கிறீங்க. எதுண்ணே?"

"எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்கு தங்கச்சி" என்றார் அண்ணன். அது என்ன முறை என்பதை இன்றுவரை விளக்கவில்லை. சாப்பாட்டுக் கடை வாக்கெடுப்பை மட்டும் தீட்டு பாதிக்கவில்லை. அது தடையின்றித் தொடர்ந்தது.

ஆகஸ்டில் மருத்துவர் அக்காவின் இதயம் வீங்கியிருப்பதாகச் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "புதன்கெழம சும்மாதானே இருக்க, தம்பி?" என்று கேட்டார்.

செவ்வாய் டயாலிசிஸ் முடிந்த மறுநாள், உடம்பு சற்று லேசாக இருக்கும் புதன்கிழமை, காலை ஐந்தரைக்கு என் பழைய காரில் புறப்பட்டோம். திட்டமிட எடுத்துக்கொண்ட நேரம், பெட்ரோல் போட்ட நேரம் மட்டுமே. முன்னிருக்கையில் அக்கா, பின்னிருக்கையில் சியூ லான். இருவரும் மலாயில் வழி நெடுகப் பழைய சூப்பர்வைசர்களைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அளவாகத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால் அக்கா மடியில் ஒரு சின்னப் போத்தல். பத்து மணிக்குக் குகை வாசலில் நின்றோம்.

அங்கே விற்ற தாமரை மெழுகுவத்தியை அக்கா வாங்கவில்லை. வீட்டிலிருந்து அகலும் நல்லெண்ணெயும் திரியும் கொண்டு வந்திருந்தார். காவலிருந்த சீனப் பெரியவர் அகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சியூ லான் அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். பெரியவர் மேசையில் இடம் ஒதுக்கித் தந்தார். அவர் யாரையும் கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. அக்கா விளக்கை ஏற்றிக் கைகூப்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் சொன்னார்:

"லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்க. எங்க வீட்ல இன்னும் மீட்டிங் முடியல."

திரும்பும் வழியில் தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அக்காவின் கைப்பேசி ஒலித்தது. காலை உணவுக்கு நாசி லெமாக் சோறா தோசையா என்று புதிய வாக்கெடுப்பு. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிதானமாகத் தோசைக்கு வாக்களித்தார். போய் வந்ததைச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"நான் இருக்கிற வரைக்கும் சொல்லாத. பாவம், அவங்களுக்கு வேற என்ன வேலை இருக்கு?"

அதன்பின் பதினொரு வாரங்கள் இருந்தார். நன்றாகத் தூங்கினார். ஒரு ஞாயிறு விடியலில், மகள் பக்கத்திலிருக்க, அடங்கினார். சொன்ன சொல்லைக் காத்துவிட்டேன். இனி அது என்னைக் கட்டுப்படுத்தாது.

டயாலிசிஸ் மையத்தில் அக்காவைத் தங்கள் தாய்போல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சாவு வீட்டில் மூன்று நாளும் பாத்திரம் கழுவிய சியூ லானுக்கும், அகலுக்கு இடம் தந்த பெயர் தெரியாத பெரியவருக்கும் எங்கள் நன்றி. பயணக் குழுவினரின் உழைப்பையும் குறிப்பிடாமல் விட முடியாது. புதிய தீட்டின் காரணமாகப் பயணம் மீண்டும் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டிருப்பதாக அவர்கள் தெரிவிக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்காவின் எண் இன்னும் அந்தக் குழுவில் இருக்கிறது. தோசைக்கு விழுந்த வாக்குகளில் ஒன்று அவருடையது. முடிவை அறிவிக்கும்போது அதைக் கழித்துவிடுங்கள். அவர் போய் வந்துவிட்டார்.