வர்றேன் என்று சொல்லக் கூடாத அறை

குன்னூருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் அந்த மருத்துவமனையில், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்தை அது வந்த நாளிலிருந்து இயக்கிவருபவள் சசிகலா. அப்பா நடுவட்டத்தில் தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி. கோவையில் விடுதியில் தங்கி டிப்ளமோ முடித்து மலைக்குத் திரும்பியவள், வேறு வேலை எதையும் தேடியதில்லை. இரண்டாவது இயந்திரம் வரப்போகிறது, பொறுப்பாளர் ஒருவரை நியமிப்பார்கள் என்று பேச்சு வந்தபோது, அது தனக்குத்தான் என்று யாரிடமும் சொல்லாமல் முடிவுசெய்துகொண்டாள்.

பிறகு கோவையிலிருந்து சுவாதி வேலைக்கு வந்தாள்.

சுவாதி வேலையில் மோசமில்லை. அதுவே சசிகலாவுக்கு முதல் எரிச்சல். நோயாளிகள் அவளைத் தேடினார்கள். "அந்தச் சின்னப் புள்ள இன்னிக்கு லீவுங்களா?" என்று சசிகலாவின் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். கேத்திப் பக்கத்திலிருந்து வருபவர்கள் கேரட் கொண்டுவந்தால், பை சுவாதியின் மேசைக்குப் போகும். "அக்கா, பாதி எடுத்துக்கங்க" என்பாள் அவள். அந்தக் கேரட்டைப் பொரியல் செய்து சாப்பிடும்போதும் சசிகலாவுக்கு வயிறு எரியும்.

நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வெளியேறும்போது சசிகலா, "நான் போறேன், அசையாதீங்க" என்பாள். சுவாதியோ வீட்டில் விடைபெறுவதுபோல, "வர்றேனுங்கம்மா" என்பாள். கழுத்துக் கட்டிக்காகச் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த எஸ்டேட்காரி பாப்பம்மாள் ஒருமுறை சொல்லியே விட்டாள்:

"சிஸ்டரு போறேன் போறேங்கிறப்ப எனக்குத்தான் டிக்கெட் போடறாப்புல இருக்குது. அந்தப் புள்ள வாயில நல்ல வார்த்தையா வருது."

சுவாதி சிரித்தாள். சசிகலா சிரிக்கவில்லை.

அந்த அறைக்கு நேர்வழி கிடையாது. தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே வழி இரண்டு முறை திரும்பும். கதிர் நேராகத்தான் போகும். திருப்பத்தில் சுவரில் மோதிச் சிதறி, மோதும்போதெல்லாம் வலுவிழந்து, வாசலுக்கு வருவதற்குள் சொற்பமாகிவிடும். கதவுக்கு வெளியே நிற்பவருக்குப் பயமில்லை. வழிக்குள் நிற்பவருக்கு அப்படியல்ல. ஆகவே கடைசியாக வெளியேறுபவர் மூலைமுடுக்கெல்லாம் பார்த்து, யாருமில்லை என்று தெரிந்த பிறகு, சுவரில் இருக்கும் பட்டனை அழுத்திவிட்டு வந்து கதவை மூட வேண்டும். அப்போதுதான் இயந்திரம் ஓடும். அந்தப் பட்டனுக்குப் பெயரே 'கடைசி ஆள்'.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் பாப்பம்மாளை அவள் கணவர் ஆறுமுகசாமி கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தார். சுவாதி அவளைப் படுக்கவைத்து, "ஐயா, நீங்க முன்னால நடங்க" என்று அவரை அனுப்பிவிட்டு, "வர்றேனுங்கம்மா" என்றாள். முன்னால் போனவர், திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் நிறுத்தும் ஒதுக்கில் நின்றுவிட்டார். அவர் வெளியேறிவிட்டார் என்று நம்பிய சுவாதி, ஒதுக்கைப் பார்க்காமல் பட்டனை அழுத்திவிட்டு வந்து கதவை மூடினாள்.

வெளியே மேசையில் இரண்டு திரைகள். ஒன்றில் பாப்பம்மாள். வழியைக் காட்டும் மற்றதன் ஓரத்தில் ஒரு மஃப்ளரின் நுனி அசைந்தது. சசிகலா பார்த்துவிட்டாள். பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கப்போகிற கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி வசந்த்குமார், டீ கிளாஸோடு பின்னால் நின்றிருந்தார். கொஞ்சம் பேசாமல் இருந்தால் அவரே பார்ப்பார். இயந்திரத்தை ஓட்டும் சாவியில் யாருடைய கை இருக்கும்போது என்பதையும் பார்ப்பார்.

சசிகலா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவாதியின் விரல்கள் சாவியைத் தொட்டன.

"நிறுத்து! உள்ள ஆள் இருக்குது!" என்று கத்தினாள் சசிகலா.

ஆறுமுகசாமி வெளியே வந்ததும் தன்னைச் சுற்றி இத்தனை முகங்கள் ஏன் வெளுத்திருக்கின்றன என்று அவருக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, அந்தப் புள்ளதான் வர்றேன்னுச்சு. என்னயத் தாண்டிப் போனப்பவும், சொல்லிட்டுத்தானே போகுது, வந்து கூட்டிக்கும்னு நின்னேனுங்க."

வசந்த்குமார் குரலை உயர்த்தவில்லை. "பட்டன அமுத்தறதுக்கு உன்ன வெக்கலம்மா. பாக்கறதுக்குத்தான் வெச்சிருக்கோம்" என்றார் சுவாதியிடம்.

பொறுப்பாளர் பதவி சசிகலாவுக்கு வந்தது. அந்த அறைக்குள் யாரும் 'வர்றேன்' சொல்லக் கூடாது என்பதுதான் அவளுடைய முதல் உத்தரவு. சுவாதி, "சரிங்கக்கா" என்றாள்.

மறுநாள் ஒதுக்குவரை போய்ப் பார்த்துத் திரும்பிய சுவாதி, பாப்பம்மாளின் கையைத் தொட்டு, "வெளியதான் நிக்கிறேனுங்கம்மா" என்றாள்.

"நில்லு கண்ணு" என்று பாப்பம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

போகவுமில்லை, வரவுமில்லை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத சொல். இத்தனை வருடத்தில் சசிகலாவுக்கு அது தோன்றவே இல்லை. வசந்த்குமார் அதைக் கேட்டுவிட்டு, இனி எல்லாரும் இப்படியே சொல்லட்டும் என்றார். உத்தரவு சசிகலாவின் பெயரில்தான் போனது.

சுவாதி லீவில் இருந்த அன்று, பாப்பம்மாளைப் படுக்கவைத்துவிட்டு, சசிகலா மெல்லச் சொன்னாள்: "வெளியதான் நிக்கிறேனுங்கம்மா."

பாப்பம்மாள் முகம் மலர்ந்தது. "சுவாதி சொல்லிக்குடுத்துச்சுங்களா, சிஸ்டர்?"

"அசையாதீங்க" என்றாள் சசிகலா.