ஒரே கப்பலுக்கு இரண்டு டிக்கெட்

எண்பதுகளின் நடுவில் நான் தருமபுரி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். கணவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் சேர்ந்து போன ஊர் பக்கத்திலிருக்கும் நல்லம்பள்ளிதான். அங்கே அவருடைய தங்கை இருந்தாள்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை அலுவலகம் டிக்கெட் செலவைத் தரும் பயணச் சலுகைக்கு என் முறை வந்தது. எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"கப்பல்ல போலாம்" என்றார், கடலையே பார்த்திராத மனிதர்.

விசாரித்ததில், சென்னையிலிருந்து போர்ட் பிளேர் போகும் கப்பல் இரண்டு நாள் நின்றுவிட்டு அங்கிருந்து கல்கத்தா போகும் என்று தெரிந்தது. இரண்டு பயணமும் அதிலேயே போய், கல்கத்தாவிலிருந்து ரயிலில் திரும்பலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் ஹெட் கிளார்க் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஏம்மா, போன வழியாவே வந்தா பிரச்சனையில்ல. சுத்திக்கிட்டு வந்தா குறுக்கு வழிக்கு உண்டானதத்தான் குடுப்பாங்க. அதுக்குச் சம்மதம்னு முன்னாலயே எழுதிக் குடுத்துரு." சொன்னதோடு நிற்காமல் அந்தக் கடிதத்தை அவரே எழுதியும் தந்தார்.

டிக்கெட் வாங்கச் சென்னைக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் ஆளுக்கு இரண்டு டிக்கெட்டாக எழுத ஆரம்பித்ததும் என் கணவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மொதக் கப்பலு லேட்டாச்சுன்னா ரெண்டாவது கப்பலு நம்மள வுட்டுட்டுப் போயிராதுங்களா?"

"ரெண்டும் ஒரே கப்பல்தாங்க. அது வராம அது கிளம்பாது."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். கப்பல் ஒன்றானாலும் சட்டப்படி அவை தனித்தனிப் பயணங்கள். போர்ட் பிளேரில் எல்லோரும் மூட்டையோடு இறங்கி, மறுபடி வரிசையில் நின்று ஏற வேண்டும். ஒரு பயணத்தில் கொடுத்த படுக்கை அடுத்ததில் கிடைக்காது. "கடல் சமாச்சாரம். லீவுல ரெண்டு மூணு நாள் கூடுதலா வெச்சுக்குங்க" என்றார். நான் கணக்காகத்தான் லீவு எழுதியிருந்தேன்.

கப்பலில் முதல் நாள் முழுக்கக் கணவர் குமட்டலில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டாம் நாள் மேல்தளத்துக்கு வந்தவர், சட்டைக் கை கிழிந்திருந்த ஒரு மாலுமியைப் பார்த்ததும் பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்தார். தையல் போட்டது தெரியாமல் தைத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நாலு பேர் சட்டையோடு வந்து நின்றார்கள். குமட்டல் போன இடம் தெரியவில்லை.

போர்ட் பிளேரில் இறங்கி லாட்ஜ் எடுத்தோம். மறுநாள் துறைமுக அலுவலகத்தில், இயந்திரத்தில் பழுது, புறப்பட மூன்று நாள் கூடுதலாகும் என்றார்கள். என் லீவு அதற்குள் முடிந்துவிடும். தபால் ஆபீசுக்கு ஓடி, ஹெட் கிளார்க்குக்குத் தந்தி கொடுத்தேன். அடுத்த நாள் பதில் வந்தது: 'லீவு நீட்டிக்கப்பட்டது. தாமதச் சான்று வாங்கி வரவும்.' சான்று வாங்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. துறைமுகத்தில் கேட்டதும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு அந்த மூன்று நாளும் எங்களுடையவை. காலையில் கடலில் இறங்கினால் கணவரை வெளியே இழுப்பதே எனக்கு வேலை. "தொப்பூருக் கணவாயில பஸ்ஸு எறங்குற மாதிரியே இருக்குது, ஒவ்வொரு அலையும்" என்பார். நான் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊர். பட்டப்பகலில் கைகோத்து நடந்தோம்.

மறுபடி கப்பல் ஏறியபோது கவுன்ட்டர்காரர் சொன்னதுபோலவே நடந்தது. கணவருக்கு முன்பக்கம் படுக்கை, எனக்குக் கடைசியில். நான் முகம் சுண்டி நின்றேன். அப்போது கை கிழிந்த சட்டைக்காரர் அந்தப் பக்கமாக வந்தார். என் கணவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார். இரண்டு டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கு அடுத்த படுக்கையிலிருந்த இளைஞனிடம் இந்தியில் பேசினார். அவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக முன்பக்கம் போனான். அவனுடைய கூட்டாளிகள் அங்கேதான் இருந்தார்களாம்.

நான்காம் நாள் காலை தண்ணீரின் நிறம் மாறியது. கப்பல் கல்கத்தாவுக்குப் போகும் ஆற்றுக்குள் நுழைந்துவிட்டது என்றார்கள். இரு கரையிலும் வயல்கள், குளிக்கிற பெண்கள், கையாட்டுகிற பிள்ளைகள். கணவர் கம்பியைப் பிடித்து நின்று, கரையில் தெரிந்த அத்தனை பேருக்கும் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தார். நானும் ஆட்டினேன்.