அடைக்கோழிக்குப் பவுடர்

எங்கள் தெருவில் கோழிக்குப் பவுடர் போட்ட ஒரே வீடு எங்களுடையது. கடையநல்லூரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவிலிருந்து அத்தரும் டார்ச் லைட்டும் கொண்டுவருவார்கள். அத்தா என்று நாங்கள் கூப்பிடும் என் அப்பாவோ, வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியபோது, இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி ஒன்றைக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதை மாட்டிக்கொண்டுதான் அவர் அங்கே வேலை பார்த்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

அத்தாவுக்கு ஒரு ஹோட்டலின் நீச்சல் குளத்தில் வேலை. தண்ணீரை வடிகட்ட, மூட்டை மூட்டையாக வெள்ளைப் பொடி கொட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் படிந்து படிந்து மண்ணானது அது. டயட்டம் மண் என்பார்கள்.

அந்த வருடம் கழிச்சல் நோயில் அம்மாவின் கோழிகள் எல்லாம் போய், மிஞ்சியது ஒரு கறுப்புப் பெட்டை. பதின்மூன்று முட்டைகளோடு அடைக்கு உட்கார்ந்திருந்த அதற்கும் பேன் பிடித்தது. அரிப்புத் தாங்காமல் கூடையைவிட்டு எழுந்து எழுந்து ஓடியது. முட்டைகள் ஆறினால் அம்மாவின் கோழி வளர்ப்பு அதோடு முடிந்தது. அம்மா சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அத்தா தென்காசிக்குப் போய் ஒரு பொட்டலம் டயட்டம் பொடி வாங்கிவந்தார். குளத்துக்குப் போடுவது சூளையில் சுட்டது, கோழிக்கு ஆகாது. இது சுடாதது என்று கடைக்காரரிடம் நாலு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாராம். அம்மா அவசரத்தில் முற்றத்திலேயே தூவினாள். குற்றாலச் சாரல் நேரம். பொடி கூழாகிவிட்டது.

“இது விஷம் இல்ல. பேனோட தோலக் கீறி, உள்ள இருக்க ஈரத்த உறிஞ்சிரும். நனைஞ்சா வெறும் சேறுதான்,” என்றார் அத்தா.

“அப்போ அறைக்குள்ள வச்சுப் போடுதேன்.”

“அடைச்ச அறையில அந்தப் பொட்டலத்தத் தொடக்கூடாது.” அத்தா குரல் உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன். அம்மா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஊரே சாரல் சாரல் என்று குதித்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் காய்ந்த இடத்துக்கு அலைந்தோம். கடைசியில் மொட்டைமாடித் தகரக் கொட்டகை அகப்பட்டது. மேலே கூரை, சுற்றிலும் காற்று. அத்தா முகமூடியை அம்மாவின் முகத்தில் மாட்டி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்தார். கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி, கைக்கு உறை. பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார். அங்கிருந்தபடியே உத்தரவு வந்தது.

“காத்துக்கு முதுகக் காட்டி நில்லு. கோழி கண்ணு மூக்குல படாம துணியப் போடு. வீசாத, றெக்கைக்கு அடியில கொஞ்சமா தடவு.”

பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த மாமி பார்த்துவிட்டாள். “பவுடர் போட்டாச்சு, அப்படியே கண்ணுக்கு மையும் வச்சு விடுங்க.”

நானும் கிட்டே போகவேண்டும் என்று அடம்பிடித்தேன். “ஏட்டி, இங்கனயே நில்லு,” என்று என் தோளை அழுத்தினார். இன்னொரு கையால் தன் மூக்கையும் வாயையும் துண்டால் பொத்திக்கொண்டார். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டு நாளில் கோழி கூடையோடு ஒட்டிக்கொண்டது. பதினோரு குஞ்சு பொரிந்தது. மையிடச் சொன்ன மாமியே, பயறில் வண்டு விழுகிறது, கொஞ்சம் அந்தப் பொடி வேண்டும் என்று கிண்ணத்தோடு வந்து நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க அத்தா சூப்பர்வைசர். கையால தொடவே மாட்டாங்க, தூர நின்னு சொல்லுவாங்க, அம்மா செய்வாங்க,” என்று வகுப்பில் அளந்தேன்.

பத்து வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் அத்தாவின் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர், “தூசியில வேலை பார்த்தீங்களா? முகமூடி கொடுக்கலையா?” என்று கேட்டார். அத்தா, கொடுக்கவில்லை என்று தலையாட்டினார். நான் குறுக்கிட்டு, எங்கள் வீட்டில் இருக்கிறதே என்றேன்.

“அது கடைசி மாசச் சம்பளத்துல நானா வாங்குனதும்மா,” என்றார் அத்தா. “ஊருல நீங்க இருக்கீங்கல்லா, எனக்கு வந்த இரைப்பு உங்களுக்கும் வந்திரக் கூடாதுன்னுதான்.”

அவர் ஒருநாளும் போட்டிராத முகமூடியைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். சொன்னதில்தான் தப்பு. பெருமையில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.