தின்னாத பூண்டு

என் வியர்வையில் பூண்டு நாறியது. குளித்தாலும் நாறியது, பல் துலக்கினாலும் நாறியது. தலையணையை முகர்ந்தபோது எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. பூண்டு தின்றவர்களுக்காவது தின்ற சுகம் மிஞ்சும். நான் விரதத்தில் இருந்தேன், வெங்காயம்கூடத் தொடவில்லை.

காரணம், டெலூரியம் என்ற சாம்பல் நிறத் தூள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பிஸ்மத்தும் சேர்த்து, அந்தக் கரைசலுக்குள் உலோகத் தகட்டை இறக்கி மின்சாரம் செலுத்துவதுதான் என் வேலை. தகட்டின்மேல் கருஞ்சாம்பல் படலம் ஒன்று மெல்லப் படியும். அதன் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால் மின்சாரம் பிறக்கும். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புகள் வீணாக வெளியே தள்ளும் சூட்டை இப்படி மின்சாரமாக்கலாம் என்று என் பேராசிரியர் மேடைதோறும் பேசுவார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நான் செய்த படலமோ காய்ச்சிய பாலின் ஆடை மாதிரிச் சுருண்டு உரிந்து வந்தது. உரிந்ததைச் சுரண்டித் துடைத்துவிட்டு, மறுபடி தூளை எடைபோட்டு, மறுபடி கரைப்பேன்.

புகையை வெளியே இழுக்க வேண்டிய விசிறி வெகுநாளாகப் பழுது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொன்னார் பேராசிரியர். வாடையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தார். அந்தத் தூள் உடம்புக்குள் கொஞ்சம் போனாலும் மூச்சு அப்படித்தான் நாறுமாம். தானாகவே போய்விடுமாம். நான் நன்றாக வேலை செய்கிறேன் என்பதற்கு அதுவே அடையாளமாம். சொல்லிக்கொண்டே தன் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நான் வேலை செய்த அறைப்பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அந்த வாடையோடுதான் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திருவிழாவுக்குப் போனேன். நான் படித்துக் கெம்பஸுக்கு எடுபட்டால் மாரியம்மனுக்கு என்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். பரீட்சை, ஊரடங்கு என்று அது தள்ளிக்கொண்டே போனது. கொழுந்து எடுக்கும்போது கால் வழுக்கினால்கூட, நேர்த்தி பாக்கி இருப்பதால்தான் என்பாள். இந்த முறை எனக்கு மஞ்சள் சேலை வாங்கி வைத்து, லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தாள்.

குளித்து ஈரச் சேலையோடு நின்ற என் தலையில் குடத்தை வைக்க வந்த கோயில் தலைவரின் கை பாதியில் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னம்மா, பூண்டு தின்னுட்டா வந்து நிக்கிற? அம்மன் கொடம்மா இது."

"இல்லங்க மாமா, நான் ஒண்ணுமே திங்கல. வேல செய்யிற எடத்துல ஒரு தூளு. அது ஒடம்புக்குள்ள போனா இப்பிடித்தான் நாறும்."

பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"படிச்ச புள்ளைல்ல, பொய்யும் பெருசாத்தான் சொல்லுது," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது. ஈரச் சேலைக்குள் நாறிக்கொண்டிருந்த என் உடம்பின்மேல் அதைவிட வெறுப்பு வந்தது. கழற்றி எறிய முடிந்தால் அங்கேயே எறிந்திருப்பேன். தலைவர் குடத்தை அடுத்த பெண்ணின் தலையில் வைத்தார். மேளம் தொடங்கிவிட்டது.

அம்மா என்னைக் கோயிலுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். என் தாடையைப் பிடித்து, வாயருகே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தாள். பிறகு கழுத்தை முகர்ந்தாள். உள்ளங்கையை விரித்து முகர்ந்தாள்.

"அது என்னா தூளு?"

"கரண்டு எடுக்குறதுக்கும்மா. ஒரு மாதிரி உலோகம்."

"வெசமா?"

கொஞ்சம்தான் போயிருக்கும், தானாகவே சரியாகிவிடும் என்றேன். பேராசிரியர் சொன்னதைத்தான் சொன்னேன். என் வாயிலிருந்து வரும்போது அது இன்னும் அசிங்கமாக இருந்தது.

பால்குட ஊர்வலம் எங்களைத் தாண்டிப் போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பூண்டுதான் தின்னேன்னு சொல்லு தாயி. நா அம்மன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன். பூண்டுதான்னு சொல்லு."